சிவப்பு மையாற் குறித்த அணை

14.11.1997, வெள்ளிக்கிழமை, முற்பகல் 6.40
அக்குறணை

கடித இல. 23: பழைய தேயிலை ஆலை அணையை அகற்றுதல்

அன்புள்ள மருமகன் யோகேந்திரனுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே ஆகுக. சுற்றாடல் அமைச்சில் நீர் பணிபுரிவதை முன்னிட்டே இதனை எழுதுகிறேன். உறவை முன்னிட்டு அன்று.

மூடப்பட்ட ஆலைக்காக வெள்ளைக்காரர் கட்டிய அணை சேறு நிரம்பி எவருக்கும் பயனின்றிக் கிடப்பதும், ஐப்பசி மழைக்கு ஓடை அணையில் முட்டிப் பின்னோக்கி ஏறி அயலவர் ஜவாஹிரின் குசினிக்குள் புகுவதும், அவர் மனைவி மஸீனா அடுப்பைக் கதிரைமேல் ஏற்றிச் சமைப்பதும் நீர் அறிந்தவையே. 02.06.1988 முதல் மனு எழுதுகிறேன். ஒவ்வொரு அரச கந்தோரும் 'எங்கள் அணை அல்ல' என்றது. "குசினி வெள்ளத்தை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் மாமா. அணையால மீன் ஓடையில மேல ஏறேலாமல் கிடக்கெண்டு எழுதுங்கோ" என்று தைப்பொங்கலன்று நீர் சொன்னதை நம்பி, 20.10.1997 இல் 'அணையை உடைத்தகற்றுக' எனத் தலைப்பிட்டு எழுதினேன். அமைச்சுக்குச் சிரமம் வேண்டாமென, எவ்விடத்தில் தட்டினால் இலகுவிற் சரியும் என்பதையும் வரைபடத்திற் சிவப்பு மையாற் குறித்தேன்.

எழுதியவன் யாழ்ப்பாணத்தான், நடப்பது யுத்தம். மறுமொழிக்குப் பதிலாகப் பொலிஸ் ஜீப் வந்தது.

"ஐயா, யார் சொல்லி அணை உடைக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மீனுக்காக."

"யார் அந்த மீன்?"

ஜவாஹிர் வேலி தாண்டி ஓடிவந்து, "சேர், இவரு உடைக்கிறதெண்டாலும் மொதல்ல கடிதம் போட்டுட்டுத்தான் உடைப்பாரு!" என்றார்.

"அதுதானே போட்டிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாலைவரை என்னைப் பொலிஸ் நிலைய வாங்கிலில் இருத்தி வைத்து, பின் விட்டார்கள். ஆயினும், அணைக்குக் காவல் போட அதன் சொந்தக்காரர் யாரெனப் பொலிஸார் கேட்டதும் கந்தோர்கள் அனைத்தும் விழித்துக்கொண்டன. 21.11.1997 மாவட்டச் செயலகமான கச்சேரியின் சுற்றாடற் கூட்டத்தில் அணை மூன்றாம் விடயம். என் மனுக்களுக்கு ஏறாத நிகழ்ச்சிநிரலில் என்மீதான சந்தேகத்துக்கு ஏறிவிட்டது. நீர் வந்து பேசும். மீன் வேண்டாம், குசினியைச் சொல்லும்.

உமக்கும் வீட்டாருக்கும் சுகமும் ஈரமில்லாத நிலமும் வாய்க்கட்டும்.

அன்பு மாமன்,
மு. பரமநாதன்

பி.கு. பிற்பகல் 3.15. உறையை ஒட்டுமுன் பெருமழை. அணை தானாகவே உடைந்துவிட்டது. நான் குறித்த அதே இடத்தில். ஜவாஹிர் வீட்டில் வெள்ளம் வடிந்து, மஸீனா அடுப்பை நிலத்தில் இறக்கி, முதல் தேத்தண்ணியை எனக்கு அனுப்பினாள். மேலே கேட்ட எதுவும் வேண்டாம்; நீர் உடனே புறப்பட்டு வாரும். "அவ்வளவு சரியாக் குறிக்கச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?" என்கிறாள் உம் மாமி.

இணைப்புகள்:
1. மனுவின் பிரதி. (வரைபடம் பொலிஸாரிடம்.)
2. இன்று முழுவதும் நான் வீட்டிலேயே இருந்தேன் என ஜவாஹிர் எழுதிக் கையொப்பமிட்டது.
3. மாற்றுடுப்பு, சவர்க்காரம்: இணைக்கப்படவில்லை. மாமி பையிற் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.