பாசஞ்சருக்குக் கட்டிய வீடு

தென்காசி,
20-7-1958

அன்புள்ள மாப்பிள்ளை ஆவுடைநாயகம் அவர்களுக்கு, மாமனார் நெல்லையப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆரியங்காவு ஸ்டேஷனில் தாங்களும், தாங்கள் கொடி காட்டி அனுப்பும் வண்டிகளும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சுந்தரியையும் ஆமையையும் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை.

பிரசவத்துக்கு வந்த பெண் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஆமையுமாக வண்டியிலிருந்து இறங்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை. தாங்கள் ராத்திரி டியூட்டிக்குப் போனால் குவார்ட்டர்ஸில் பாசஞ்சருக்குத் துணை இல்லை என்றாள், சரி. ஆமைக்குப் பாசஞ்சர் என்று பெயர் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆமை புகுந்தால் குடும்பத்துக்கு ஆகாது, அதுவும் பிள்ளை பிறக்கப்போகிற வீடு என்று உங்கள் அத்தை வாசலை மறித்துக்கொண்டாள். எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும், சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், புறவாசலுக்குப் போகவேண்டுமானால் வீட்டுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். சுந்தரி உள்ளே போய்விட்டாள், நானும் ஆமையும் தெருவில் நிற்கிறோம், போகிறவன் வருகிறவன் எல்லாம் என்ன விலை என்று கேட்கிறான். கடைசியில் பக்கத்து வீட்டு ஒலி முகம்மதுதான், குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறவர், வந்து கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, எங்க வீட்டு வழியாக் கொண்டு போங்க. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆனா ரெண்டு பேரும் காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். அவர் சம்சாரம் ஹைருன் பீவி எனக்குக் காப்பியும் ஆமைக்கு வெள்ளரிக்காயும் கொடுத்தாள். பிறகு அதைக் கூடையில் வைத்து, கிணற்றுக் கயிற்றைக் கட்டி, அவர்கள் மதிலிலிருந்து எங்கள் புறவாசலில் இறக்கினோம். எங்கள் வாசப்படியை அது மிதிக்கவில்லை என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

அதன்பிறகு அதற்கு வீடு கட்டினேன். பி.டபிள்யு.டி.யில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவன் ஏனோதானோ என்று கட்ட முடியுமா? அஸ்திவாரம் தோண்டி, மூன்று பக்கம் செங்கல் சுவர் எழுப்பி, தளத்துக்கு சிமெண்ட் பூசி, சாரல் தண்ணீர் ஓட வாட்டம் விட்டு, மேலே பாதிக்கு ஓடும் போட்டேன். சுந்தரி படுக்கிற அறை ஜன்னலுக்கு நேரான பக்கத்தை மட்டும் கம்பி வலையாக விட்டேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே என்று. இவ்வளவு செய்த வீட்டில் ஆமை ஒரு மூலைக்குப் போய்த் தலையை இழுத்துக்கொண்டது. செம்பருத்திப் பூ போட்டேன், முருங்கைக்கீரை போட்டேன், ஹைருன் பீவியின் வெள்ளரிக்காயும் போட்டேன், எதையும் சீந்தவில்லை. வழவழவென்று இருக்கிற சிமெண்ட் பிடிக்கவில்லை போலும் என்று என் கையால் போட்ட தளத்தை என் கையாலேயே கொத்தி எடுத்து, செம்மண் கொட்டி அருகம்புல்லும் பதித்தேன். அப்போது தலை வெளியே வந்தது, நடக்கவும் நடந்தது. எங்கே? நேரே கம்பி வலைக்கு. காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் அந்த வலையை முட்டுவதுதான் அதற்கு வேலை. வலைக்கு வெளியே தெரிவது எங்கள் வீட்டுப் பின்வாசல். உங்கள் அத்தைக்கு வேர்த்துவிட்டது. நான் வலையில் சாக்கைக் கட்டி மறைத்தேன். சுந்தரி நிறைமாத வயிற்றோடு வந்து அவிழ்த்துப் போட்டாள். அது வலையை முட்டுகிறது, இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இனிதான் விஷயம். தாங்கள் எழுதுகிற கார்டு ஒவ்வொன்றிலும் பாசஞ்சர் தின்றதா, தூங்கியதா, வெயில் காய்ந்ததா என்று கார்டு நிறைய விசாரணை. சுந்தரியைப் பற்றி? "மற்றபடி அனைவரும் நலமென நம்புகிறேன்." அந்த அனைவரில் நானும் இருக்கிறேன், ஒலி முகம்மதும் இருக்கிறார். கார்டு என்றால் தபால்காரர் மாடன் முதல் தெருவே படிக்கும், அதில் பெண்டாட்டியை விசாரிக்கத் தங்களுக்குக் கூச்சம் என்பது எனக்குப் புரிகிறது, நானும் அந்த வயசில் அப்படித்தான். அவளுக்குப் புரியவேண்டுமே. சோற்றைத் தள்ளிவைக்கிறாள். "அவுக ஆமையத்தானப்பா கேக்காக, என்னையா கேக்காக? அது தின்னட்டும், நானும் திங்கேன்" என்கிறாள். உங்கள் அத்தை தட்டோடு பின்னால் நின்று, "ஏட்டி, ஒரு வாயாவது தின்னும்மா" என்று கெஞ்சுகிறாள். இந்த மாசத்தில் பெண் பட்டினி கிடந்தால் பெற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. ஆகவே தாங்கள் ஒரு நாள் லீவு போட்டு வந்து, ஒலி முகம்மது வீட்டு வழியாகவே இந்த ஆமையை அழைத்துக்கொண்டு போய்விடும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் தாயார் தகப்பனாருக்குக் கடிதம் எழுதும்போது எங்கள் இருவர் நமஸ்காரமும் சொல்லவும். மலைமேல் மழை அதிகம், தலையை நனைக்காமல் இருக்கவும். தீர்க்காயுசுடன் இருக்க ஆசீர்வதிக்கும்,

நெல்லையப்பன்.

பி.கு. நேற்று கவரை ஒட்டப்போகும்போது சுந்தரிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி முப்பிடாதியம்மாளை அழைத்து வந்தேன். விடியுமுன்னே பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். என்னைக் கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பாசஞ்சர் கீரை தின்றுகொண்டிருந்தது. எங்கள் பின்வாசல் படி ஒன்பது அங்குலம், ஓவர்சியர் என்ற முறையில் சொல்கிறேன், ஆமை அதில் தானாக ஏறாது. உங்கள் அத்தையின் முந்தானையில் செம்மண் அப்பியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். "வலியில பிள்ள அதக் கேட்டா. பெத்தவ என்ன செய்ய?" என்றாள். பிறகு, "அது அங்கனயே கெடக்கட்டும், நீங்க ஒண்ணும் தூக்காண்டாம்" என்றும் சொன்னாள். சுந்தரி ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். ஆகவே ஆமையை அழைத்துப்போக வரவேண்டாம், பிள்ளையைப் பார்க்க வரவும். லீவு கிடைக்கிறவரைக்கும் எழுத, ஸ்டாம்பு ஒட்டின கவர் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். பாசஞ்சருக்குக் கார்டு போதும். இது சுந்தரிக்கு.