பன்னிரண்டு மீட்டர் பாம்பும் ஏழு முத்திரைகளும்

உலகத்து ஊர்களெல்லாம் தங்கள் கதைகளைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கையில், தன்னிடமிருந்த ஒரே கதையை ஏழு முத்திரை குத்திக் காப்பாற்றிய பெருமை எங்கள் தோச்சிமுரேவுக்கே உரியது.

கதை சின்னதுதான். அடைமழை பெய்தால் மலையிலிருக்கும் பெரிய பாம்புக்குத் தாகமெடுக்கும். முதலில் ஓடையை உறிஞ்சும். போதாமல், பள்ளத்து வழியே ஆற்றுக்கு இறங்கும். ‘அது வருகிற வழியில் எதையும் கட்டாதே’ என்று கதை முடியும். டோஃபுக் கடை கினுயோ வருஷாவருஷம் இதைச் சொல்ல, கேட்டுக்கொண்டே ஊரார் வைக்கோலில் ஒரு பாம்பு பின்னுவார்கள்.

ஒகிட்சு ‘நாட்டுக்கதைப் பாதுகாப்புக் குழு’வின் தலைவரானதும் பாம்பு பன்னிரண்டு மீட்டராக வளர்ந்தது. வளர்ந்த பாம்புக்கு ஓர் அரங்கம் தேவைப்பட்டது. பள்ளத்தின் அடிவாரத்தில், முந்நூறு வருஷமாக ஒரு கோழிக்கூண்டுகூட இல்லாத அருமையான காலிமனை கிடைத்தது.

“நம்ம முன்னோருங்க தீர்க்கதரிசிங்க. இந்த அரங்கத்துக்குன்னே விட்டுவச்சிருக்காங்க,” என்றார் ஒகிட்சு.

“தலைவரே, கதையோட கடைசி வரி ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள் கினுயோ.

“இருக்கும்மா. கொஞ்சம் எதிர்மறையா இருக்கு. குழந்தைங்க மனசு என்ன ஆகும்?”

“குழந்தைங்களே என்ன ஆவாங்கன்னுதான் நான் கேக்கறேன்.”

நான்கு கூட்டங்களில் அந்த வரி நீக்கப்பட்டது. ‘அங்கீகரிக்கப்பட்ட வடிவ’த்தில் பாம்பு தண்ணீர் குடித்து, ஊராருக்கு நன்றி கூறித் திரும்பிப் போனது. ஒப்புதலுக்குக் குழுவினர் ஏழு பேரும் முத்திரை குத்தியதில் ஏழாவது தலைகீழாக விழுந்துவிட்டதால் ஐந்தாவதாகவும் ஒரு கூட்டம் நடந்தது.

திறப்புவிழா அன்று மூன்றாம் நாள் மழை. வழியில் கினுயோ ஓடையைப் பார்த்தாள். அவ்வளவு மழையிலும் அது வற்றிக் கிடந்தது. அவள் அரங்கத்துக்கு ஓடினாள். உள்ளே காகிதச் செதில் ஒட்டிக்கொண்ட குழந்தைகளும் பெரியவர்களுமாக நாற்பது பேர்.

“ஓடை வத்திருச்சு தலைவரே. எல்லாரையும் வெளிய அனுப்புங்க.”

“நிகழ்ச்சி நிரல்ல அது இல்லையேம்மா. உனக்கு மூணு நிமிஷம். அங்கீகரிச்ச வடிவம் மட்டும்.”

கினுயோ மேடையேறினாள். “பாம்பைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கோயில் மேட்டுக்குப் போனாத்தான் கதை தொடங்கும். அதுதான் மரபு.”

‘மரபு’ என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் எழுந்தவர் ஒகிட்சுதான். பாம்பின் தலையை அவரே பிடித்துக்கொண்டார்.

“இப்படி ஒரு மரபா? நான் கேள்விப்பட்டதே இல்லையே,” என்று முணுமுணுத்தார் முடிதிருத்துபவர் தகெஹிசா.

“நானுந்தான். தூக்கு,” என்றாள் கினுயோ.

பாம்பின் வால் கோயிலின் கடைசிப் படியை எட்டியதும் மலை இருமியது. கீழே அரங்கம், பள்ளத்தில் சரிந்து வந்த சேற்றோடு சேர்ந்து, தள்ளுமுள்ளு எதுவுமின்றி ஆற்றுக்குள் இறங்கிப் போனது. ஒகிட்சு குழந்தைகளை இரண்டு முறை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். கினுயோ வைக்கோல் வாலின்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் குழு கூடியது. “சேதம், அரங்கம் ஒண்ணு,” என்று வாசித்தார் ஒகிட்சு. “புது அரங்கம் அதே இடத்துலதான். பாம்பே வந்து தரையைச் சமன் பண்ணிக் குடுத்திருக்கு.”

“அப்போ கடைசி வரி?” என்றாள் கினுயோ.

“சேத்தாச்சும்மா. இந்தத் தடவை பெரிய எழுத்துல எழுதி, கண்ணாடி போட்டு மாட்டறோம். அரங்கத்துக்குள்ளேயே.”

ஏழு முத்திரைகளும் நேராக விழுந்தன. கதையைக் காப்பாற்றத் தெரிந்த ஊர் என்றால் இதுதான். சொன்னதைக் கேட்டு நடந்துவிட்டால், அப்புறம் அந்தக் கதைக்கு இங்கே என்ன வேலை?