நிழலோடு ஒரு கையெழுத்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்ற கை இது, மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு காலத்தில் டீச்சராக இருந்தேன் என்றால் பேத்திகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அண்ணாமலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. எண்பதுகளில் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு டிவி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அதிலேயே பாடம் நடத்தப் போகிறார்களாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பிரசிடெண்ட் கேட்க, என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தார்.

"நாலு பேர் முன்னால எனக்கு வாயே வராதே!" என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"நீ எங்க பேசப் போற? பேசறதெல்லாம் டிவி பேசும். நீ குமிழைத் திருகினா போதும்."

(எந்தக் குமிழ் என்று பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அது வேறு கதை.)

சாயங்காலமானால் பெண்கள் சிலேட்டோடு வந்துவிடுவார்கள். முன்வரிசையில் என் ஓரகத்தி கன்னியம்மா. டிவி வாத்தியார் பலகையில் 'அ' எழுதுவார். எங்கள் டிவியில் அதை ஒட்டினாற்போல, வெளுத்துப்போன இன்னொரு 'அ'வும் தெரியும். இவர்களும் அழுத்தி ஒன்று, பக்கத்தில் லேசாக ஒன்று என்று எழுதினார்கள்.

"இன்னாக்கா, நீ படிச்சப்பவும் இப்படித்தானா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

நான் படித்தபோது ஒரு 'அ' போதுமானதாக இருந்தது. ஆனால் சில வருஷம் முன்னால்தான் சர்க்கார் எழுத்தையே மாற்றியிருந்தார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்து 'லை' எழுதப் படித்தவள் நான். அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டார்கள். அண்ணாமலை என்ற பேரிலேயே இரண்டு எழுத்து மாறிப்போனது. அப்போது குறைத்தவர்கள் இப்போது கூட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மெட்ராஸிலிருந்து பேசுகிறவரைவிட எனக்கு என்ன தெரியும்?

"இது புது எழுத்து, கன்னிம்மா. நிழலை விடாம எழுது" என்றேன். (டீச்சராக நான் வாய் திறந்ததே அதற்குத்தான்.)

சில மாதம் கழித்து, ஆபீசர் பரீட்சை பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. பெண்கள் கையெழுத்துப் போட்டால் டிவி இங்கே இருக்கும். இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேறு ஊருக்குப் போய்விடும்.

"டிவில வர்ற வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு மட்டும் போச்சு, உன்கூட பேசவே மாட்டேன்க்கா!" என்றாள் கன்னியம்மா.

ஆபீசர் வந்தார். எல்லாரும் தங்கள் பேரை எழுதி நீட்டினார்கள். கன்னியம்மா சிலேட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்த சிலேட்டைப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"என்னம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது?"

"ரெண்டு இல்லீங்க சார். ஒண்ணு எழுத்து, ஒண்ணு நிழல். டிவில அப்படித்தான் காட்டினாங்க. அக்காதான் நிழலை விடக்கூடாதுன்னாங்க" என்று என்னைக் காட்டிக் கொடுத்தாள் கன்னியம்மா.

நான் டிவிக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். ஆபீசர் டிவியைப் போட்டார். வாத்தியார் இரண்டு மூக்கோடு வந்து வணக்கம் சொன்னார். ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிரசிடெண்ட், டிவி இங்கயே இருக்கட்டும். சொல்லிக் குடுத்ததுக்கு ஜாஸ்தியாவே கத்துக்கிட்டாங்க!"

ஆன்டெனா சரிசெய்ய அவரே ஆள் அனுப்பினார். வந்தவர் கூரைமேல் ஏறிப் பார்த்து, "மலைதான் இடைஞ்சல். சிக்னல் அதுல மோதி ரெண்டா வருது" என்றார்.

"எது இடைஞ்சல்? அண்ணாமலையாரா? முதல்ல கன்னத்துல போட்டுக்கோய்யா!" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் பயந்துபோய் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கம்பத்தை உயர்த்திக் கட்டினார். அன்று சாயங்காலம் ஒற்றை 'அ' வந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"பாதி எழுத்தைக் காணோம்!"

மற்றவர்களை எப்படியோ திருத்திவிட்டேன். கன்னியம்மா மட்டும் மசியவில்லை. "நிழல் இல்லாம மொட்டையா இருக்குக்கா" என்றாள். இன்றைக்கும் பாங்கில் அப்படியேதான் போடுகிறாள். இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் போட யாராலும் முடியாது என்று அங்கே அவளுக்கு ஏக மரியாதை. வீட்டில் யாராவது ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொன்னால், "கையெழுத்து போடறாங்க" என்று சிரித்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அது எந்த வருஷம், பிரசிடெண்ட் அப்போது யார் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கன்னியம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவள் எதற்கும் இரண்டு பதில் வைத்திருப்பாள்.