கை நனைக்க வாங்க

"இது வரவேற்புக் கடுதாசியா, கரண்டு பில்லா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

ஜெசிந்தா திரையை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

'வணக்கம். மல்லாட்டை மடலில் சேர்ந்ததற்கு நன்றி. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சமையல் குறிப்பும், எங்கள் செக்கிலிருந்து ஒரு சேதியும் வரும். உங்கள் வீட்டில் எந்த எண்ணெயில் தாளிக்கிறீர்கள்? ஒரு வரி பதில் எழுதுங்கள்.'

"இவ்ளோதான் சார் எழுதணும். புதுசா சேந்தவங்களுக்கு முதல் மெயில் சின்னதா இருக்கணும். இன்னா வரும், எப்ப வரும்னு சொல்லணும். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நான் யூடியூப்ல பதினோரு வீடியோ பாத்துட்டேன்."

"வீடியோவுல சொன்னவன் வூட்டுக்கு விருந்தாளியே வந்திருக்க மாட்டான்" என்றார் கோதண்டபாணி.

வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் திண்டிவனத்தில் அவருடைய மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு முப்பது வயது. ஜெசிந்தா அங்கே நான்கு வருடமாக எடை போடுகிறவள். வாடிக்கையாளர்களுக்கு வாராவாரம் மெயிலில் ஒரு மடல் அனுப்பலாம் என்பது அவளுடைய யோசனை. முதலாளி மூன்று நாள் யோசித்துவிட்டு, "ஒரு மாசம் பாக்கறேன். ஓடிச்சுன்னா உனக்குக் கம்ப்யூட்டர் ரூமு. ஓடலன்னா மறுபடியும் தராசு" என்று சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் ரூமில் மின்விசிறி உண்டு. தராசுக்கு மேலே பல்லி மட்டும்தான் உண்டு.

பத்து நாளில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களை வரவேற்கத்தான் இந்தக் கடிதம்.

"எழுதிக்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் கோதண்டபாணி. "இன்று முதல் நீங்களும் எங்கள் குடும்பத்தில் ஒருவர். இந்தப் பக்கம் எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போகக் கூடாது."

"சார், சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்குது."

"கூப்பிட்டா இன்னா? பேச்சுக்குச் சொல்றது. யாராச்சும் மெய்யாலும் வருவாங்களா? ஜல்தி அனுப்பு."

அவள் அனுப்பினாள்.

மறுநாள் காலை மெயில் பெட்டியைத் திறந்தபோது பத்தொன்பது பதில்கள் இருந்தன. எந்த எண்ணெயில் தாளிக்கிறோம் என்று ஒருவரும் எழுதவில்லை. 'குடும்பம் என்று சொன்னதில் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு வரலாமா?' என்று விழுப்புரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 'மாமியாருக்குப் பல் இல்லை, குழைய வடிக்கவும்' என்று இன்னொருவர். பெருமுக்கல்லிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பூவரசன், தாம் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்திருந்தார்.

ஜெசிந்தா, முதலாளி வருவதற்குள் சரி செய்துவிடலாம் என்று அவசரமாக இரண்டாவது கடிதம் எழுதினாள். 'நேற்றைய அழைப்பு உபசாரமாகச் சொன்னது. யாரும் நேரில் வர வேண்டாம்.' கீழே கோதண்டபாணியின் பெயரையும் போட்டு, எல்லோருக்கும் தட்டிவிட்டாள்.

பதினொரு மணிக்குக் கோதண்டபாணியின் மனைவி தையல்நாயகி ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்தம்மா கடைக்கு வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

"எங்க அக்காவ வராதேன்னு எழுதுனீங்களாமே!"

"நானா?" என்று எழுந்து நின்றார் கோதண்டபாணி.

"கீழ உங்க பேரு இருக்குது. விழுப்புரத்துல உக்காந்துக்கினு அழுதுக்கினு கெடக்குது அது. முப்பது வருசமா மனசுல வச்சுக்கினு இருந்தத மெயில்ல போட்டுட்டாருன்னு சொல்லுது."

கோதண்டபாணி மெதுவாக ஜெசிந்தா பக்கம் திரும்பினார். அவள் பெட்டியைத் திறந்து மற்றவர்களின் பதிலையும் காட்டினாள். ஏழு பேர் மடலிலிருந்து விலகியிருந்தார்கள். தலைமையாசிரியர் பூவரசன், 'வா என்று அழைத்துவிட்டு வராதே என்பது எந்த ஊர் வழக்கம்? கத்தரிக்காய் விஷயம்தான் காரணமென்றால் அதையே சாப்பிடுகிறேன்' என்று எழுதியிருந்தார்.

"மானம் போச்சு" என்று உட்கார்ந்தார் கோதண்டபாணி. "சோறு கெடையாதுன்னு என் பேர்ல எழுதிட்டியே பொண்ணே! எங்க அப்பன் காலத்துலகூட இந்த வூட்டு வாசல்ல அப்படி ஒரு பேச்சு வந்ததில்ல. எழுது! ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் கட்டாயம் வரணும். விருந்து."

"நாப்பது பேரு குடும்பத்தோட வந்தா..."

"வரட்டும்! அட்ரஸ் தெளிவா போடு. எவனும் பேஜாரு படக் கூடாது."

ஜெசிந்தா இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினாள். ஆனால் அந்தத் தெருவில் கதவு எண்கள் ஒன்றுக்குப் பிறகு இரண்டு என்று வராது. ஒன்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வரும். அதனால் கதவு எண்ணை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினாள்: 'பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து தெருவில் நுழைந்தால் வாசலில் வாழை மரம் கட்டியிருக்கும். தயங்காமல் உள்ளே வந்து இலையில் உட்காருங்கள்.'

தையல்நாயகி அம்மாவே அதைப் படித்துப் பார்த்து, "இதான் மரியாத" என்றார்.

வியாழக்கிழமை ஒரு போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது.

"யம்மா, நான் கலைப்பிரியா பேசறேன், விழுப்புரம். காலையிலதான் உங்க மடல்ல சேந்தேன். சாப்பிட வாங்கன்னு மெயில் வந்துச்சு. பஸ்ஸுல ஏறிட்டேன். பத்து நிமிசத்துல வராதீங்கன்னு வந்துச்சு. எறங்கிட்டேன். இப்ப கட்டாயம் வாங்கன்னு வந்திருக்குது. ஏறட்டுமா, வூட்டுக்குப் போவட்டுமா?"

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். புதிதாக யார் சேர்ந்தாலும் மூன்று கடிதமும் பத்து நிமிட இடைவெளியில் தானாகப் போகும்படி அவளேதான் அமைத்து வைத்திருந்தாள். பன்னிரண்டாவது வீடியோவில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஏறுங்கக்கா" என்றாள்.

ஞாயிறு வந்தது. கடை வாசலில் பந்தல். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம். 'வருக வருக' என்று ஒரு பேனர். எண்பது பேருக்குச் சாம்பார், வத்தக்குழம்பு, மல்லாட்டைத் துவையல், பாயசம். பூவரசனை நினைத்து, கத்தரிக்காய் கிடையாது.

பன்னிரண்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. கோதண்டபாணி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். ஜெசிந்தா ஓரக்கண்ணால் தராசைப் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக ஆட்கள் இறங்கினார்கள்; இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"பாத்தியா!" என்று ஜெசிந்தாவின் தோளைத் தட்டினார் கோதண்டபாணி. "ஒரு கடுதாசிக்கு எப்படி உடுத்திக்கினு வந்திருக்காங்க பாரு!"

அவர் சந்தனம் கொடுத்தார். தையல்நாயகி அம்மா பன்னீர் தெளித்தார். ஜெசிந்தா கையில் நோட்டோடு நின்று, வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டாள்: "மெயில் பாத்துட்டுதானேங்க வந்தீங்க?"

"மெயிலைப் பாத்துக்கினு ஸ்டேசன்ல நின்னா நேரத்துக்கு வந்து சேர முடியுமாம்மா? அதான் வேன் வச்சுக்கினு வந்துட்டோம்."

நல்ல தமாஷான மனுஷர் என்று ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் பந்தியிலேயே சாதம் தீர்ந்தது. மறுபடி உலை வைத்தார்கள். துவையலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இது எந்தச் செக்கு எண்ணெய் என்று கேட்டார்கள். கோதண்டபாணி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்ச் செக்கைக் காட்டினார். ஜெசிந்தா நோட்டை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் மெயில் முகவரி எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு முகவரி சேர்ந்துவிட்டது.

கழுத்து நிறைய நகை போட்ட ஓர் அம்மா கோதண்டபாணியைப் பிடித்துக்கொண்டார். "சாப்பாடு பிரமாதம். ஆனா பொண்ண கண்ணுலயே காட்ட மாட்டேன்றீங்களே?"

"இதோ, இதான் பொண்ணு!" என்று ஜெசிந்தாவை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இவ்ளோ பேரு இங்க வந்து சேந்ததுக்கு இதான் காரணம்."

அந்த அம்மா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "ஒரு நகை, ஒரு அலங்காரம் இல்ல. நின்னு பரிமாறக்கூட செய்யுதே! இந்தக் காலத்துல இப்படி எளிமையா யாரு இருப்பாங்க?" என்று அவள் கன்னத்தை வழித்துச் சொடுக்கினார்.

 நான்கு வருடத்தில் ஒருவரும் அவளை இப்படி நின்று பார்த்ததில்லை.

இரண்டு மணிக்குக் கடைசிப் பந்தி முடிந்தது. கோதண்டபாணி பாயச டம்ளரோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைலருந்து நீ கம்ப்யூட்டர் ரூமுதான். தராச வேற ஆளு பாக்கட்டும். எத்தினி சனம், எத்தினி சந்தோசம்! ஒரு மெயிலுக்கு இவ்ளோ சக்தி இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அப்போது சட்டையில் ரோஜாப்பூ குத்திய ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் ஓடி வந்தார். வந்த வேகத்தில் இலைகளையும் வாழை மரத்தையும் வாசலில் நின்ற வேன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க! மொதல்ல எலையில உக்காருங்க" என்று எழுந்தார் கோதண்டபாணி.

"உக்கார நேரமில்லீங்க. எம் பேரு முருகையன், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தெருமுனை மண்டபத்துல எம் பொண்ணுக்குக் கல்யாணம். காணை கிராமத்துலருந்து வரவேண்டிய மாப்பிள்ள வூட்டு சனத்த ஒருத்தரையும் காணோம். அங்க பந்தியில யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க உக்காந்து திருப்தியா சாப்பிட்டுட்டு, நேரா மேடைக்கு வந்து எம் பொண்ணு தலையில அட்சதை போட்டு, 'வாராவாரம் தவறாம மெயில் போடும்மா'ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போய்க்கினே இருக்காங்க!"