தலையைத் தவிர எல்லாவற்றுக்கும்

ஒரு பொருளை எதற்காகச் செய்தார்களோ அதற்கே பயன்படுத்துகிற அப்பாவிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சீப்பால் தலை வாருவார்கள், குடையை மழைக்குப் பிடிப்பார்கள், பிறகு ஒருநாள் நிம்மதியாகச் செத்துப்போவார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். கையில் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இதுக்கு வேற என்னவெல்லாம் யூஸ் இருக்கு தெரியுமா?" என்று கேட்கிற இனம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? இருங்கள், கடைசியில் பேசிக்கொள்வோம்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். பகல் முழுக்க ஒழுங்கான மனிதர். அவர் கையில் சிக்கியது கண்டிஷனர். தலைக்குக் குளித்த பிறகு சிக்கு விழாமலிருக்கத் தடவுவோமே, அந்த வழவழத்த வெள்ளைக் குழம்புதான். அத்தானுக்கும் தலைமுடிக்கும் இருந்த உறவு முறிந்து வெகுகாலம் ஆகிறது. காதோரம் மிச்சமிருக்கிற நாலு முடியும் பழகின தோஷத்துக்காக நிற்பவை.

படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்திருந்தது. மகளின் கண்டிஷனரில் ஒரு துளியை எடுத்துக் கீலில் வைத்தார். சத்தம் நின்றது. அன்று கதவின் வாய் அடைத்தது. அத்தானின் வாய் திறந்தது.

அதன் பிறகு பெட்டியின் ஜிப் இறுகினால் கண்டிஷனர், இழுப்பறை சிக்கினால் கண்டிஷனர், காலணி வெளுத்தால், குழாய் மங்கினால், தொட்டிச் செடியின் இலையில் தூசி படிந்தால், கீழ்வீட்டு அம்மாளின் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால், சவரம் செய்ய நுரை இல்லாவிட்டால், துண்டு முரட்டுத்தனமாக இருந்தால், சுவெட்டர் விறைத்துப்போனால், எல்லாவற்றுக்கும் அதே பாட்டில், அதே துளி, அதே பெருமூச்சு. வீட்டுக்குள் நுழைந்தால் இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்த ராட்சசி மேல் மோதிக்கொண்டதுபோல வாசம் அடிக்கும்.

பாட்டிலில் 'கூந்தலுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்று ஒருமுறை காட்டினேன்.

"அதாம்மா சூட்சுமம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "அப்படிப் போட்டாத்தான நாம கதவுக்குத் தனியா, செருப்புக்குத் தனியா ஒவ்வொண்ணா வாங்குவோம்? உண்மையச் சொன்னா அவங்க கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்த செருப்பைத் தேடிப் போனார்.

இந்த இனத்துக்குக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, செய்து காட்டியாக வேண்டும். "இங்க வாயேன், ஒரே நிமிஷம். இந்த டிராயரை இழு." இழுப்பேன். மொத்த இழுப்பறையும் கரண்டிகளோடு வெளியே வந்து என் கால்மேல் விழும். "பாத்தியா, எவ்வளவு ஸ்மூத்!" நான் நொண்டிக்கொண்டே பாராட்ட வேண்டும்.

பாவம், அந்த பாட்டிலுக்குச் சொந்தக்காரி அக்கா மகள்தான். அவளுக்குச் சுருட்டை முடி. கண்டிஷனர் போட்டால் தோளில் அடங்கி உட்காரும். போடாவிட்டால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள், துணி அலமாரியில் ஒளித்தாள். அத்தான் வாசம் பிடித்தே வந்துவிடுவார்.

படிப்பை முடித்து நெடுநாள் வேலை தேடி அலைந்தவளுக்கு, ஒரு கட்டட வரைபட நிறுவனத்திலிருந்து கடைசிச் சுற்று நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இதுவும் நழுவினால் அவள் மனம் விட்டுப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மகள் என்றால் அவருக்கு உயிர். அதுதான் வினை. அவள் போகிற வழியில் ஒரு தடங்கலும் வரக்கூடாது என்று, முந்தைய நாளே அவள் தொடப்போகிற ஒவ்வொன்றுக்கும் தடவி வைத்துவிட்டார். காலணிக்கு. கைப்பை ஜிப்புக்கு. குளியலறைக் கதவின் உருண்டைக் கைப்பிடிக்கு, உள்ளேயும் வெளியேயும்.

காலையில் அவளைக் காரில் கூட்டிப்போக நான் வந்து சேர்ந்தபோது, குளியலறையிலிருந்து முதல் அலறல் கேட்டது.

"அப்பா! பாட்டில் காலி!"

"தண்ணி ஊத்திக் குலுக்கும்மா, இன்னும் ஒரு தடவைக்கு வரும்!"

"நேத்தே குலுக்கிட்டீங்கப்பா!"

சிறிது நேரத்தில் இரண்டாவது அலறல். "கைப்பிடி வழுக்குது! திருப்பவே முடியல!"

அத்தான் வெளியிலிருந்து பிடித்துத் திருப்பினார். கை சுற்றியது, பிடி சுற்றவில்லை. நான் முயன்றேன். அதே கதி.

"கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன் போல," என்றார்.

"துண்டால பிடிச்சுத் திருப்புடி!" என்று அக்கா கத்தினாள்.

"துண்டும் வழுக்குதும்மா! அதையும் இதுலதான் அலசியிருக்கார்!"

அத்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "பூட்டுக்குள்ள ஒரு துளி விட்டா..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது. அவள் நேரே சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டில் அத்தானின் கருணை படாத ஒரே பொருளோடு திரும்பி வந்தாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். அதைப் பிடிமேல் அழுத்தி ஒரே திருகு.

"ஐயையோ, பாலிஷ்ல கோடு விழுமே!" என்றார் அத்தான்.

கதவு திறந்தது. முதலில் முடி வந்தது. பின்னால் அவள் வந்தாள். இரண்டு கண்ணிலும் நீர். "சித்தி, நான் போகல. இந்தத் தலையோட எப்படிப் போய் நிப்பேன்?"

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். அத்தான் மகளின் தலையை இமைக்காமல் பார்த்தார். அந்த வீட்டில் தலைமுடி என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தார் போலிருந்தது. சட்டென்று பால்கனிக்கு ஓடினார். இரண்டு கையிலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார். உள்ளே, துவைத்துச் சுத்தமான அவருடைய நீலச் சுவெட்டர் வெள்ளையாய்க் கலங்கிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மெத்தென்று ஆகட்டும் என்று ஊறப்போட்டிருந்தாராம்.

"பாதி பாட்டில் இதுலதான் இருக்கு. தலைய முக்கு!"

"சுவெட்டர் ஊறின தண்ணியிலயா?"

"முக்குடி, நேரமாகுது!" என்றாள் அக்கா.

முக்கினாள். அலசினாள். நான் சீப்பை வைத்தேன், சிக்கில்லாமல் இறங்கியது. அத்தான் வாயைப் பிளந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தப் படுக்கையறைக் கதவு அடங்கிய நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"பாத்தியா, பாத்தியா! இத தலைக்குக்கூடப் போடலாம்!"

அவளுக்கு வேலை கிடைத்தது. காதோரம் ஒரு நீல நூலிழை ஒட்டியிருந்ததை நேர்காணல் எடுத்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. அத்தானைக் கேட்டால், வேலை வாங்கிக் கொடுத்தது வாளிதான். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "யாருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு சொல்றேன்," என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே ஆரம்பிக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மேலே ஜிப் என்று படித்த இடத்தில் ஒரு கணம் நின்றீர்களே, அது எனக்குத் தெரியாதா? பரண்மேல் பாதி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற பழைய பெட்டி உங்கள் நினைவுக்கு வந்ததா, இல்லையா? குளியலறையில் இப்போது யாரும் இல்லை. பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது.

போங்கள். ஒரு துளி போதும். கைப்பிடியைத் தொடுவதற்கு முன் கையை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.