பிற்பகல் நள்ளிரவு

கட்டடக்கலை படிப்பவர்கள் ராத்திரி தூங்குவதில்லை. ஸ்டூடியோவில் கூடி அட்டை வெட்டுவார்கள், சண்டை போடுவார்கள், பசை காய்வதற்குள் சமாதானமாகிவிடுவார்கள். இதில் கல்லூரி நிர்வாகத்துக்கு எந்தப் பங்கும் இல்லாததால் எல்லாம் ஒழுங்காகவே நடந்துவந்தது.

அந்த வருடம் கல்லூரிகளுக்குத் தரம் போடுவதில் 'மாணவர் தோழமை' என்று ஒரு புது மோகம் பிறந்தது. அதற்குத் தனி மதிப்பெண். ஆனால் ஆய்வுக்குழுத் தலைவர் பகலில் மட்டுமே ஆய்வு செய்வார். கல்லூரி முதல்வர் யோசித்து ஆணை பிறப்பித்தார்:

"இனி பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நள்ளிரவாகக் கருதப்படும். அவ்வேளையில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் மனமுவந்து உதவ வேண்டும். தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை வந்தது. காவலாளிக்குக் கொட்டாவி விட உத்தரவு. நிஜ ராத்திரியில் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. அன்றைய நள்ளிரவுதான் ஏற்கெனவே முடிந்துவிட்டதே.

ஆய்வுக்கு முதல் நாள் நெட்டை என்ற மாணவனின் நூலகக் கட்டட மாடல் சரிந்தது. கூரையைத் தூக்கிப் பிடிக்கப் போய்க் கட்டரில் கையைக் கிழித்துக்கொண்டான். வலது கை முழுக்கக் கட்டு. மறுநாளே தேர்வும். மாடல் இல்லையென்றால் வருடம் போச்சு.

மாடல் உடைந்தவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரவர் கட்டரை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்கு வந்துவிடுவார்கள். ஸ்டூடியோ வழக்கம் அது. அன்றும் பிற்பகல் நள்ளிரவில் வந்தார்கள்.

"உங்க வேலையெல்லாம் என்னடா ஆகும்?" என்றான் நெட்டை.

"வாயை மூடிட்டு அந்தப் பசையை நகர்த்து," என்றாள் அவன் வகுப்பு வாயாடி. அவள் வெட்டிய கூரை அவளுடைய மாடலில்கூட அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. நெட்டைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாள் தலைவர் வந்தார். கூரையை ரசித்தார். "இதுக்கு யார் யார் உதவினீங்க?"

வகுப்பு மொத்தமும் கை தூக்கியது, மூலையில் குறட்டை விட்டவன் உட்பட. "திரையை நான்தான் இழுத்துவிட்டேன்," என்று முதல்வரும் தூக்கினார். தோழமைக்கு முழு மதிப்பெண்.

மாடலுக்கு மதிப்பெண் போடும் தேர்வாளரும் தலைவரேதான். பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"அப்படின்னா இது அடுத்தவங்க கைவேலை. உதவினவங்களுக்கும் சைபர்தான். யார் யார் உதவினீங்க?"

ஒரு கைகூட எழவில்லை. தனக்கு மிஞ்சித்தானே தானம்.

"இப்பதானே எல்லாரும் தூக்கினீங்க?"

"அது வேற ஃபைல் சார்," என்றார் முதல்வர்.

நெட்டை வாயாடியைப் பார்த்தான். அவள் விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் நிதானமாகத் தீர்ப்பெழுதினார்: கையில் கட்டு இருப்பதால் இவன் செய்திருக்க முடியாது. மற்றவர்கள் செய்யவில்லை என்கிறார்கள். ஆகவே இது யாராலும் செய்யப்படாத மாடல், கல்லூரிக்கே சொந்தம். மாணவன் இதே வருடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

மாடல் முகப்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. கீழே பித்தளைத் தகட்டில் 'தோழமை' என்று பொறித்தார்கள். எல்லோரும் புகைப்படத்துக்காக அதைச் சுற்றித் தோள்மேல் கை போட்டு நின்றார்கள். எவரும் விட்டுப்போகக் கூடாதே, அப்புறம் படம் எடுப்பது யார் என்று முதல்வர் கவலைப்பட்டார்.

"நெட்டை சும்மாதானே சார் நிக்கிறான்," என்றாள் வாயாடி.