பிளாட்பாரம் நீண்டுகொண்டே போனது

ரயில் மறுபடியும் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கடைசிப் பெட்டி மட்டும் பெரிய மனசு பண்ணி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரயில்ல தப்பே இல்ல. பிளாட்பாரம்தான் கட்டை" என்றார் டிரைவர்.

அவர் வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பெரிய பலகையில் அந்தக் குட்டி ரயில் மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுரங்கம் உண்டு, ரயில்வே கேட் உண்டு, ஸ்டேஷன் மட்டும் இந்த வாரம் வரை கிடையாது. நிற்பதற்கென்று ஓர் இடமே இல்லாத ரயில்வே உலகத்தில் வேறெங்கும் இருக்காது. ஆனால் அவர் பிழைப்புக்கு ஓட்டியது டவுன் பஸ். அதில் நிறுத்தங்கள் இருந்தன. அவருக்கு அவைதான் ஆகாது.

அதிலும் கணக்கு டீச்சர் ஏறுகிற நிறுத்தம் என்றால் கொஞ்சம் கூடுதல் வீம்பு. நிழற்குடையைத் தாண்டி, ஜனங்கள் மூச்சு வாங்க ஓடி வருகிற தூரத்தில்தான் பஸ் நிற்கும். ரிட்டயரான பிறகும் டியூஷனுக்கு அலைகிற டீச்சருக்கோ முட்டிவலி. கேட்டால், நிழற்குடைக்குப் பக்கத்தில் மேடு, நிறுத்தினால் கிளப்ப முடியாது என்பார் டிரைவர். நான் நிற்கிற இடம்தான் ஸ்டாப் என்றும் சேர்த்துச் சொல்வார்.

டீச்சர் புகார் மேல் புகார் கொடுத்ததில், டிப்போ மேனேஜர் டிரைவரை ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை நானே அந்த ஸ்டாப்புல வந்து நிப்பேன். அன்னிக்கும் டீச்சர் ஓடி வந்து ஏறினாங்கன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. டிப்போல பஸ் கழுவ ஆள் வேணும்."

டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் மீசை தொங்கிவிட்டது. ஸ்டியரிங்கைத் தவிர அவருக்கு வேறொன்றும் பிடிக்கத் தெரியாது. அது போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தார். பயத்தை வெளியே காட்டினால் மானம் போய்விடுமே, அதனால் மனைவியிடம் மேனேஜரைத் திட்டினார்.

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வீட்டு ரயிலைச் சொன்ன இடத்துல ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் ஊரைத் திட்டலாம்."

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே பிளைவுட் வாங்கி வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் பிளாட்பாரம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, பெட்டியின் வாசற்படி உயரத்துக்குச் சரியாக வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சிமென்ட் நிறம் பூசி, ஓரத்தில் தீக்குச்சியால் வெள்ளைக்கோடு இழுத்தார். அட்டையில் ஒரு ஸ்டேஷன் கட்டடம். அதற்கு ஒரு வாசல். இன்ஜினும் மூன்று பெட்டிகளும் அளவெடுத்தாற்போல் அடங்கும் நீளம். மனைவிகூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, ரயில் நிற்காததைத் தவிர.

ரயில் பிளாட்பாரத்துக்குள் கம்பீரமாக நுழையும். டிரைவர் வேகத்தைக் குறைக்கும் குமிழைத் திருகுவார். அது வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் நிற்கும்.

அதனால் பிளாட்பாரத்தை நீட்டினார். இப்போது இடம் தாராளமாக இருக்கிறதே என்று குமிழை இன்னும் தாமதமாகத் திருகினார். ரயில் இன்னும் தள்ளிப் போய் நின்றது. மறுபடி நீட்டினார். பிளாட்பாரம் வளைவுக்குள் போனது. வளைவில் பெட்டியின் வயிறு விளிம்பில் உரசி, மூன்று பெட்டியும் குடைசாய்ந்தன. விளிம்பை அரத்தால் ராவினார். இடைவெளி ஆவென்று வாயைப் பிளந்தது.

"இறங்கறவங்க நேரா தண்டவாளத்துலதான் இறங்கணும் போல" என்றாள் மனைவி.

"என் ரயில்ல வர்றவங்களுக்குக் கால் நீளம்."

அடுத்த துண்டு ரயில்வே கேட்டின் மேலேயே ஏறியது. பொம்மை லாரி ஒன்று அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. இதற்குள் ஸ்டேஷன் கட்டடம் எங்கோ, ரயில் நிற்பது எங்கோ என்று ஆகிவிட்டதால், கட்டடத்தைப் பிடுங்கி ரயில் நிற்கும் இடத்தில் ஒட்டினார். பிடுங்கியதில் ஒரு பக்கச் சுவர் கையோடு வந்துவிட்டது. அடுத்த தடவை ரயில் அந்தக் கட்டடத்தையும் தாண்டியது.

நடுவில் டிப்போவிலிருந்து போன் வந்தது. லீவில் இருக்கிறவனுக்கு என்ன போன் என்று அவர் எடுக்கவில்லை. கடைக்குப் போய் வந்த மனைவி, பஸ் ஸ்டாப் பக்கம் பள்ளம் தோண்டுகிறார்கள் என்றாள். குழாய் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் பசை டப்பாவைத் திறந்தார்.

சனிக்கிழமை பிளாட்பாரம் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் வாலைத் தானே தொட்டது.

"இப்ப எங்க நின்னாலும் பிளாட்பாரம்தான். யார் என்ன கேட்க முடியும்?" என்றார் டிரைவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அப்ப ஜனங்க எதுக்கு ரயில் ஏறணும்? நடந்தே போயிடலாமே."

மனைவி குமிழைக் கையில் எடுத்தாள். பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் பசைத் தழும்பு தெரிந்தது. ரயில் அதற்கு வெகு தூரத்தில் வரும்போதே மெதுவாகத் திருக ஆரம்பித்தாள். ரயில் நகர்ந்து நகர்ந்து வந்து, தழும்புக்கு நேராக நின்றது.

"தையல் முடியற இடத்துல காலை எடுத்தா ஊசி தாண்டிப் போயிடும். கொஞ்சம் முன்னாடியே எடுத்துடணும். இது ஒரு வித்தையா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் நீட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். முதல் பிளாட்பாரம் மட்டும் மிஞ்சியது. கட்டடத்தைப் பழைய இடத்தில் ஒட்டி, சுவருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு பொழுதெல்லாம் குமிழும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டபோது, பிளாட்பாரத்தைச் சோதிக்கிறேன் என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதல்லவா? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெட்டியின் கதவு ஸ்டேஷன் வாசலுக்கு நேராக நிற்கத் தொடங்கியிருந்தது. பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை டிப்போவில் கண்டக்டர் அவரைத் தேடிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, நீங்க லீவுல இருந்தப்ப ஒரு விஷயம்..."

"எதுவும் பேசாதே. இன்னிக்கு வேடிக்கை மட்டும் பாரு."

அந்த நிறுத்தம் வந்தது. டிரைவர் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. நிழற்குடையின் முதல் தூண்மேல்தான் கண். வெகு முன்பே காலைத் தளர்த்தினார். கண்டக்டர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். அதையும் காதில் வாங்கவில்லை. பஸ் நகர்ந்து நகர்ந்து வந்து, வாசற்படி தூணுக்கு நேராக வர, அலுங்காமல் நின்றது. அப்படி ஒரு நிறுத்தத்தை அவர் பிறந்ததிலிருந்து நிறுத்தியதில்லை.

கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. நிழற்குடைக்குள் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அவர் எப்போதும் தாண்டிப் போய் நிற்கிற இடத்தில் ஒரு கூட்டம். நடுவில் மேனேஜர், தலையில் கையை வைத்தபடி. கூட்டம் பஸ்ஸை நோக்கி ஓடி வந்தது. முன்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு கணக்கு டீச்சர்.

பாவம், நம்மால் கெட்ட பழக்கம் என்று டிரைவருக்கு இரக்கமாகிவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏன் டீச்சர் அங்க போய் நிக்கறீங்க? ஸ்டாப் இங்கல்ல இருக்கு?"

டீச்சர் படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"உங்களைத் திருத்த முடியாதுன்னுதானே தம்பி, மேனேஜர் கையில காலுல விழுந்து, போன வாரம் ஸ்டாப் கம்பத்தையே பிடுங்கி நீங்க நிக்கிற இடத்துல நட வெச்சேன்."